அண்ணன் தேர்ந்தெடுத்த வேலி

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் என் அண்ணன் வீட்டு சைப்ரஸ் வேலியை ஒரே காலையில் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அப்பா நட்ட வேலி. ஆள் உயரத்துக்கும் மேலே அடர்ந்து நின்றது. ஆள் ஏற்றுகிற என் மோட்டார் சைக்கிளில் மத்தியானம் சவாரி முடித்து நான் வந்து பார்த்தபோது, வீடு குளித்துவிட்டுத் துணி தேடுகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"தம்பி, இப்ப என்ன பண்றது?" என்று அண்ணி வமுயு கேட்டார். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூட கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பது அவர் வேலை.

வேறு வீடாக இருந்தால் வேலி போனதற்கு ஆடு மாட்டை நினைத்துக் கவலைப்படுவார்கள். எங்கள் கவலை அண்ணனைப் பற்றி.

என் அண்ணன் கதோகோ இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றினால் மொம்பாசா, வெறும் வண்டியாக வந்தால் மேரு, எம்பு என்று ஒரு ஊர் விடாமல் சுற்றியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து தலையில் அடிபட்டது. உடம்பு தேறிவிட்டது. நினைவு பாதிதான் திரும்பியது. நேற்றுச் சாப்பிட்டது தெரியாது. மகள் வைருரி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால், "எந்த வகுப்பு படிக்கிற?" என்று ஒரே நாளில் ஏழு தடவை கேட்பார். ஆனால் விடிந்தால் லாரி எடுக்கப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலி இருந்தவரை அதன் ஓரமாகவே நடந்து கேட் வரை வருவார், பூட்டைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பிவிடுவார். பூட்டு இருந்தால் முதலாளி இன்னும் வரவில்லை என்று அவர் கணக்கு.

வேலி போன நாலாம் நாள் அவர் நைரோபி போகிற பெரிய ரோட்டுக்கே போய்விட்டார். அண்ணி ஊசிக்கு நூல் கோர்க்கிற நேரம்தான். நடு ரோட்டில் நின்று போகிற லாரிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தாராம். தெரிந்த டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, "வாங்கண்ணே, ஏறுங்க" என்று நயமாகப் பேசி ஏற்றி வந்து இறக்கிவிட்டார். அன்றைக்கு அண்ணி அழவில்லை. அடுப்பை மூன்று தடவை பற்றவைத்து மூன்று தடவை அணைத்தார்.

"தகரம் அடிச்சிருவோம் அண்ணி" என்றேன்.

"தகரம் அடிச்சா ஜெயில் மாதிரி இருக்கும். அவரு ஒண்ணும் தப்புப் பண்ணல. செடிதான் வைக்கணும். சீக்கிரம் வளர்ற செடி."

இரண்டு பேரும் கபுராவின் நாற்றங்காலுக்குப் போனோம். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரம் கறுப்புப் பைகளில் நாற்றுகளை அடுக்கி வைத்து நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"எவ்ளோ சீக்கிரம் வேணும்?"

"நேத்தே வேணும்" என்றேன்.

"அப்ப நேத்தே வந்திருக்கணும். வைருரி அம்மா, நீ சொல்லு. இவன்கிட்ட பேசினா எனக்குப் பசிக்கும்."

அண்ணி விஷயத்தைச் சொன்னார். கபுரா கேலியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். ஒவ்வொரு வரிசையாகக் காட்டினாள். முதலில் கையாபா. விரல் நீள முள். "இது வளர்ந்துட்டா யானையே யோசிச்சுத்தான் உள்ள வரும். ஆனா நாலு வருஷம் ஆகும்." அடுத்தது துராந்தா. "ஒன்றரை வருஷத்துல இடுப்பு உயரம். மஞ்சளா கொத்துக் கொத்தா காய்க்கும், பார்க்க அழகு. காய் விஷம். உங்க வீட்டுக்காரரு கண்டதை வாயில போடுவாரா?"

"போடுவாரு" என்றார் அண்ணி.

"அப்ப வேண்டாம். காட்டுச் சூரியகாந்தி ஆறு மாசத்துல ஆள் உயரம் வந்துரும். ஆனா மெத்து மெத்துன்னு இருக்கும், கையால ஒதுக்கினா வழி விட்டுரும். சைப்ரஸ் திரும்ப வச்சா மூணு வருஷம்."

நான் அண்ணியின் காதருகே போய், "கள்ளி" என்றேன்.

கபுராவுக்குக் காது கூர்மை. "கள்ளியா? அந்தப் பால் கண்ணுல பட்டா என்ன ஆகும் தெரியுமா? நோயாளி இருக்கிற வீடு. வேண்டாம்டா கிங்கோரி."

திரும்பி வரும் வழியில் அண்ணியிடம் சொன்னேன்: "அவ விக்காத செடியெல்லாம் அவளுக்குக் கெட்ட செடி. கள்ளியை ஆள் உயரத்துக்கு வெட்டிட்டு வந்து நெருக்கமா நட்டா அன்னைக்கே வேலி. நாலு வருஷம் யாரு காத்திருக்கிறது?"

"பால் கண்ணுல பட்டா?"

"சின்ன வயசுலேர்ந்து கள்ளிக்கு நடுவுலதான் ஓடி விளையாடினோம். யாரு குருடானா?"

அண்ணி பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த தவறு அதுதான்.

தெற்கே வறண்ட பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் நிறைய கள்ளிக்கொம்பு வெட்டி வந்தேன். இரண்டு நாளில் நட்டு முடித்தேன். பச்சைப் பென்சில்களை அடுக்கி வைத்த மாதிரி நேராக நின்றது. மழை தொடங்கியது, வேர் பிடித்தது. அண்ணன் காலையில் வேலியோரமாக நடந்து, கேட்டைத் தொட்டு, திரும்பி வந்தார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் வேலியைக் காட்டிப் பெருமை அடித்தேன். கபுராவின் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு வச்சிரா போன் பண்ணினார். அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அதற்குப் பின்னால் ஒரு அலறல் கேட்டது. அது என் அண்ணனின் குரல். அந்தக் குரலில் அவர் அலறி நான் கேட்டதே இல்லை.

போய்ப் பார்த்தபோது அண்ணன் முற்றத்தில் மண்டி போட்டிருந்தார். பக்கத்தில் வெட்டரிவாள் கிடந்தது. வேலியில் ஒரு பெரிய ஓட்டை. வெட்டுப்பட்ட கொம்புகளிலிருந்து பால் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. லாரியைத் திருப்ப இடமில்லை என்று வேலியை வெட்டியிருக்கிறார். பால் தெறித்து இரண்டு கண்ணிலும் விழுந்திருக்கிறது. அண்ணி அவர் தலையைத் தன் மடியில் சாய்த்து, கண்ணிமையை விரலால் பிளந்து பிடித்துக்கொண்டு குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாட்டுப்பால் ஊத்துங்க! பால்தான் பாலை எடுக்கும்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வச்சிரா கத்தினார்.

"பாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தண்ணி! இன்னொரு குடம் கொண்டா தம்பி!"

ஏழு குடம் ஊற்றினோம். பிறகு அண்ணனை எனக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார வைத்து, அண்ணி அவர் கண்ணில் ஈரத்துணியைப் பொத்திப் பிடித்துக்கொள்ள, கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். வழி முழுக்க அண்ணன் என் முதுகில் முகத்தைப் புதைத்து, "ஹெட்லைட்டைப் போடு, ஹெட்லைட்டைப் போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவினார்கள். கண் டாக்டர் இளவயதுப் பெண். விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தான்."

"நல்ல காரியம் பண்ணீங்கம்மா. ஆனா ரெண்டு கருவிழியும் வெந்து போன மாதிரி இருக்கு. மருந்து போட்டுக் கட்டி வைக்கிறேன். பார்வை எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. ஆறு நாள் போகட்டும்."

ஆறு நாள். அண்ணனுக்கு ஏற்கெனவே நினைவு பாதி இல்லை. இப்போது கண்ணும் இல்லையென்றால் அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் என்ன? அண்ணி அவரை எதைச் சொல்லி உட்கார வைப்பார்? நான் செய்த வேலைக்கு அவர் ஆயுசுக்கும் இருட்டில் உட்கார வேண்டுமா? ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்றுகொண்டு இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "தம்பி, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் போய் கள்ளியை வேரோடு பிடுங்கினேன். தலையில் ஹெல்மெட், முகத்தில் கண்ணாடி மூடி, கையில் ரப்பர் உறை. வச்சிரா தன் ஆடுகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"வேலியையே ரேஸ்ல ஓட்டப் போறியாடா?"

நான் அடுத்த கொம்பைப் பிடுங்கினேன். பிறகு அவர் வீட்டுக்குள் போய் ஒரு பழைய ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து என்னோடு சேர்ந்து பிடுங்கினார். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடினோம்.

மூன்றாம் நாள் அண்ணி துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தார். கட்டிலருகே நான் மட்டும். அண்ணன் கண்ணில் வெள்ளைக் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணே, வேலியைப் பிடுங்கிட்டேன்" என்றேன்.

"என்ன வேலி?"

"கள்ளி. நான்தான் நட்டேன்."

"முட்டாப்பயலே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விபத்துக்கு முன்னால் பேசிய அதே குரல். "கள்ளியைக் காட்டுல ஆட்டுப்பட்டிக்குத்தான் நடுவான். வோய் பக்கம் போ, அங்க எல்லாம் கத்தாழை. ஒருத்தனும் கள்ளி நடல. மாக்குயுல அன்னாசித் தோட்டம் இருக்குல்ல, அங்க கையாபா. உள்ள திருடன் போனா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் வெளிய வருவான். லிமுருல தேயிலைத் துரைமாரு பங்களாவுல சைப்ரஸை அப்படியே கேக் மாதிரி வெட்டி வச்சிருப்பான்."

இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் இரண்டு பக்கமும் பார்த்ததெல்லாம் வேலிகள்தான். அது ஒன்று அழியாமல் இருந்திருக்கிறது.

"அப்ப நம்ம வீட்டுக்கு எதை நடலாம்ண்ணே? சீக்கிரம் வளரணும்."

"எம்புவுக்கு ஏறுற ரோட்டுல ஒரு வளைவு. அங்க ஒரு பொம்பளை வீட்டு வேலி. ரெண்டு வரிசை. வெளிய கையாபா, சின்னது. உள்ள ஒரு செடி, செவப்பா பஞ்சு மாதிரி பூ. ஒரு தடவை போறப்ப முழங்கால் உயரம், அடுத்த தடவை போறப்ப என் லாரிக் கதவு உயரம். மாடு நின்னு தின்னுக்கிட்டிருந்துச்சு."

"அது என்ன செடி?"

"எனக்கென்னடா தெரியும்? நான் டிரைவர்." அப்புறம் தலையைத் திருப்பி, "முதலாளி வந்தாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மறுபடியும் பழைய இடத்துக்குப் போய்விட்டார். ஆனால் நான் கூடத்துக்கு வந்து சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன்.

ஆறாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தாள். அறை ஜன்னலின் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். அண்ணன் கண்ணைச் சிமிட்டினார். தண்ணீர் வடிந்தது. டாக்டர் ஒரு விரலை நீட்டினாள்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"இப்ப?"

"மூணு. மோதிரம் போட்டிருக்க. கல்யாணம் ஆயிருச்சா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "இன்னும் ரெண்டு வாரம் மங்கலா இருக்கும். கூலிங் கிளாஸ் போட்டுக்கட்டும். பார்வைக்கு ஆபத்தில்ல."

அண்ணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தார். பிறகு எழுந்தார். என் பக்கம் திரும்பினார். ஆறு நாள் தேக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது.

"அறிவிருக்காடா உனக்கு? கபுரா தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா, கேட்டியா? அன்னைக்கே வேலி, அன்னைக்கே வேலின்னு குதிச்சியே! உன் மண்டையில மூளைக்குப் பதிலா பெட்ரோலா இருக்கு? ஒரு கண்ணு போயிருந்தா உன் கண்ணைத் தோண்டி வச்சிருப்பேன் நான்! ஹாரன் வேற அடிச்சானாம், ஹாரன்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் கிழவர், "நல்லாக் குடும்மா, ஆம்பளைக்கு இது அடிக்கடி வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். என் நெஞ்சில் ஆறு நாளாக உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி வெளியே எறிந்த மாதிரி இருந்தது. அண்ணி திட்டத் திட்ட எனக்குப் பசி எடுத்தது. அன்றைக்கு கேன்டீனில் மூன்று தட்டு உகாலிக் களி சாப்பிட்டேன்.

வேலி இல்லாத அந்த நாட்களில் நானும் அண்ணியும் மாறி மாறி அண்ணன் பக்கத்திலேயே இருந்தோம். மறு மழை தொடங்குவதற்கு முன்னால் அவரைக் கபுராவிடம் கூட்டிப் போனோம். கறுப்புக் கண்ணாடியோடு அவர் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் கபுரா எழுந்து நின்றாள்.

"யாரு இது, மந்திரியா? உக்காருங்க ஐயா, ரிப்பன் வெட்டணுமா?"

அண்ணன் அவளைக் கவனிக்கவில்லை. வரிசை வரிசையாக நடந்தார். குனிந்து இலைகளைத் தடவினார். துராந்தாவைத் தாண்டினார். சைப்ரஸைத் தாண்டினார். கையாபாவின் முன் நின்று முள்ளை விரலால் தொட்டு, "இது வெளிய" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். பின்பக்கம், தொட்டிக்கு அருகில், தீவனத்துக்கென்று தனியாக வைத்திருந்த நாற்றுகளிடம் போனார். புளிய இலை மாதிரி மெல்லிய இலை.

"இது உள்ள" என்றார்.

கபுரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அது காலியாண்ட்ரா. மாட்டுக்குப் போடுறது. வேலிக்குன்னு அதை நான்..." என்றவள் நிறுத்தினாள். தலையை ஆட்டினாள். "எட்டே மாசத்துல ஆள் உயரம் வரும். வெட்ட வெட்டத் தழைக்கும். அது மறைச்சு நிக்கிற காலத்துல கையாபா பின்னால மெதுவா வளர்ந்துரும். விஷமும் இல்ல, பாலும் இல்ல. பன்னெண்டு வருஷமா நாத்து விக்கிறேன் வைருரி அம்மா, எனக்கு இது தோணல பாரு!"

"எம்பு ரோட்டுல ஒரு பொம்பளை வச்சிருக்கா" என்றார் அண்ணன்.

"அவ நம்பரை வாங்கிக் குடுங்க, என் கடையை அவகிட்டயே விட்டுட்டுப் போறேன்."

மழையில் நட்டோம். அண்ணனே கயிறு பிடித்தார். ஒரு முழத்துக்கு ஒரு செடி, லாரிச் சக்கரம் போகிற மாதிரி நேர்க்கோடு. நான் கொஞ்சம் கோணலாக நட்டதை மூன்று தடவை பிடுங்கச் சொன்னார். வளர்கிற மாதங்களில் காலையில் செருப்பை மாட்டியதும் அவர் செடிகளிடம் போனார். களை எடுத்தார், மாட்டுக்குத் தழை ஒடித்தார். எல்லா நாளும் அப்படியில்லை. சில நாள் கேட் முன்னால் நின்று சாவி எங்கே என்று கேட்பார். இரண்டு தடவை வெளியே போய், வச்சிரா வீட்டு முற்றத்தோடு திரும்பினார். அவ்வளவுதான். பெரிய ரோட்டுக்குப் போகவில்லை.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு மத்தியானம் நான் அங்கே போனேன். தையல் மேஜையில் மடித்த துணிமேல் கன்னத்தை வைத்து அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. ஒரு கணம் பதறி அண்ணனைத் தேடினேன். வெளியே சிவப்புப் பூக்களுக்கு அந்தப் பக்கமிருந்து வச்சிராவின் குரல் கேட்டது.

"உன் செடி என் பக்கம் தொங்குது, கதோகோ. என் ஆடு தின்னா என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"தின்னட்டும். உன் பக்கத்துல இருக்கிறது உன் ஆட்டுக்கு."

"நெசமாவா?"

"ஆனா சாணமெல்லாம் வாரா வாரம் என் பக்கம் கொட்டணும். கூடையில."

"அடப்பாவி! ஆட்டுக்குத் தழை குடுத்து எருவைப் புடுங்குறியா?"

"வேண்டாம்னா சொல்லு, வெட்டி இந்தப் பக்கம் இழுத்துக்கிறேன்."

வச்சிரா இரண்டு நிமிஷம் முணுமுணுத்தார். பிறகு எத்தனை கூடை என்று கேட்டார். அண்ணன் மூன்று என்றார், அவர் இரண்டு என்றார். நான் அண்ணியை எழுப்பவில்லை. பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, பேரம் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.